நான்காவது ஆள்

லொரெய்ன் மாவர் எங்கே காரை நிறுத்தினாலும் அதன் மூக்கு தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு வந்தாலும் சரி, சவ அடக்கத்துக்கு வந்தாலும் சரி, பின்னால் எடுத்துத் திருப்பி, கிளம்புகிற தோதில் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவாள். மாதா கோயில் வாசலில் மணமக்கள் வண்டிக்கு வழி விடாமல் அப்படி நிறுத்தி பாதிரியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஸ்கெல்தோர்ப் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் இருக்கிறது.

எங்கள் நிலையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வீரர்கள் கிடையாது. கொட்டகையில் சிவப்பு வண்டி மட்டும் தனியாக நிற்கும். இடுப்பில் மாட்டிய பேஜர் கத்தினால், செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வருவோம். ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். ஓட்ட ஒருவர், தலைமைக்கு ஒருவர், புகைக்குள் போக இருவர் என்று நான்கு பேர் இருந்தால்தான் வண்டி நகரலாம். புகைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. ஆகவே மூன்று பேர் இருப்பதும் ஒருவருமே இல்லாததும் ஒன்றுதான்.

என் பெயர் கிளைவ் டாசன். நிலையத்துக்கு எதிரே மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிறேன். வண்டி ஓட்டுவது என் வேலை. நான் சேர்ந்தபோது பதினான்கு பேர் இருந்தோம், சேர்வதற்கு இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். இப்போது பகலில் ஊருக்குள் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பட்டாணி வயலுக்கு முப்பது பேர் போன இடத்தில் இரண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். நல்ல வீடுகளையெல்லாம் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற கூட்டம் வாங்கிவிட்டது. அவர்களில் ஒருவனிடம், தீயணைப்பில் சேருகிறாயா என்று வாய்விட்டே கேட்டேன். "ஓ, இங்க அப்படி ஒண்ணு இருக்கா?" என்றான். அன்றைக்கு அவனுக்கு மீனைக் கருக்கித்தான் கொடுத்தேன்.

பகலுக்கென்று மிஞ்சியது நாங்கள் நான்கே பேர். கார் பட்டறை வைத்திருக்கும் நைஜல் எங்களுக்குத் தலைவன். குதிரை லாயத்தில் வேலை செய்யும் ஹோலிக்கு இருபத்தாறு வயது. அப்புறம் நான். நான்காவது ஆள் லொரெய்ன், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி, வயது ஐம்பத்து நான்கு.

அவள் வாழ்ந்த விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஊர் வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கும். நிலையத்தை நடுவில் வைத்து, தேநீர்க் கோப்பையின் தட்டைக் கவிழ்த்து, அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தூரம் அது. இருபத்து மூன்று வருஷம் அந்தத் தட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தினாள். முடி வெட்டிக்கொள்வது தட்டுக்குள். புருஷன் கீத்தோடு பிறந்தநாள் சாப்பாடு தட்டுக்குள். மகளுக்கு நகரத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள், அதைப் பிடிவாதம் பிடித்து ஊருக்கே இழுத்துவந்துவிட்டாள். பன்னிரண்டு கோடை கடலைப் பார்க்கவில்லை, கடல் என்னவோ முக்கால் மணி தூரத்தில்தான் இருந்தது. "கீத் என்னை விட்டுட்டுப் போகணும்னா அஞ்சு நிமிஷத்துக்கு மேல தூரமாப் போனாப் போதும், நான் பின்னாலயே வர முடியாது" என்று என் கடையில் நின்று சொல்லிச் சிரிப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பகல் வேளையில் நூற்றுக்கு எழுபது பங்கு நேரமாவது நான்கு பேர் தயாராக இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் ஏப்ரலில் வண்டியை எடுத்துக்கொண்டு நிலையத்தை மூடிவிடுவார்களாம். அடுத்த வண்டி இருக்கும் ஊர் அரை மணி தூரம். அறுவடைக் காலத்தில் டிராக்டர் பின்னால் மாட்டினால் அதற்கும் மேலே.

நாங்கள் தயாராக இருக்கிறோமா என்பதை அவரவர் கைப்பேசியில் ஒரு பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒருவர் சிவப்பை அழுத்திவிட்டால் நிலையமே அணைந்த மாதிரி. அப்போது தலைமைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் பக்கத்து ஊர் வண்டியை முக்கால் வழிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். கடிதம் வந்த மாதம் நாங்கள் அறுபத்தொன்பதில் இருந்தோம். அதன் பிறகு லொரெய்ன் சிவப்பை அழுத்தியதே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய பழைய பல்வலி முற்றியது.

எங்கள் பக்கத்தில் பல் மருத்துவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. பட்டியலில் பெயர் போட்டுவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்தாள். கிராம்புத் தைலம் தடவினாள், உறைந்த பட்டாணிப் பையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அறுபது குழந்தைகளுக்குச் சமைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் என் கடைக்கு வந்தால் மீனைத் தொட மாட்டாள், மசித்த பட்டாணியை மட்டும் ஒரு பக்கமாக விழுங்கிவிட்டுப் போவாள். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை, ஓடி வராத குறையாக வந்தாள்.

"கிளைவ், எடம் கெடச்சிடுச்சு. நாளைக்குக் காலைல பத்தரைக்கு."

"அடேயப்பா! உயிரோட இருக்கும்போதே கூப்பிட்டுட்டாங்களே."

"ஆனா இருபத்தஞ்சு நிமிஷத் தூரம், கண்ணு." அவள் குரல் தணிந்தது. "செவப்ப அழுத்தினா போச்சு. இந்த மாசம் சரியா எழுபதுல நிக்கிறோம். நாளையோட கணக்கு முடியுது."

எனக்குப் புரிந்துவிட்டது. உருளைக்கிழங்கை வெட்டுவதை நிறுத்தினேன்.

"அழுத்தாமப் போகப் போறியா?"

"ஒன்றரை மணி நேரந்தான். இந்த மாசம் முழுக்க ரெண்டு தடவதான் பேஜர் அடிச்சிருக்கு, அதுல ஒண்ணு மரத்துல ஏறின பூன." கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லு, போகல."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கன்னமெல்லாம் வீங்கி நின்றவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. "போயிட்டு வா. ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் பத்து மணியிலிருந்தே எனக்கு வேலை ஓடவில்லை. உரித்த கிழங்கையே திரும்ப உரித்தேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு இடுப்பில் பேஜர் அலறியது. திரையைப் பார்த்தேன். மில் சந்து, வீட்டில் தீ, உள்ளே ஆள் இருக்கிறார்.

மில் சந்தில் பகலில் இருக்கிற ஒரே ஆள் சிரில் பெக். எண்பத்தொரு வயது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஐந்து மணிக்கு வந்து சின்ன மீன் ஒன்று வாங்குவார். எண்ணெயில் உதிர்ந்த மொறுமொறுப்பு மாவுத் துணுக்குகளை அவருக்கென்று தனியாக அள்ளி வைத்திருப்பேன்.

தெருவைத் தாண்டி ஓடிக் கொட்டகைக் கதவைத் திறந்தேன். வண்டியை உயிர்ப்பித்தேன். லொரெய்னின் மேல்கோட்டு, காலணி, தலைக்கவசம் மூன்றையும் கொக்கியிலிருந்து இழுத்து வண்டிக்குள் எறிந்தேன். எதற்கு எறிந்தேன் என்று எனக்கே தெரியாது. நைஜல் கிரீஸ் கையோடு வந்தான். ஹோலி வைக்கோல் ஒட்டிய பூட்சோடு வந்தாள். இருவரும் உடுப்பு மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"லொரெய்ன் எங்க?" என்றான் நைஜல். "பள்ளிக்கூடம் ரெண்டு நிமிஷம்தானே?"

நான் இருக்கை வாரை இழுத்து மாட்டினேன்.

"போன்ல பச்சைதான காட்டுது. வந்துருவா" என்றாள் ஹோலி.

மூன்று பேரும் தெருமுனையையே பார்த்தோம். எனக்கு மட்டும் அவள் வரமாட்டாள் என்று தெரியும். சொன்னால் அவள் கதை முடிந்தது, நிலையத்தின் கதையும் முடிந்தது. ஒருவேளை சிகிச்சை சீக்கிரம் முடிந்து திரும்பியிருப்பாளோ, இதோ அந்த வளைவில் கார் தெரியுமோ என்று கிறுக்குத்தனமாக ஒரு நப்பாசை. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒரு சுற்று முழுக்கப் போய், அடுத்ததில் பாதி வந்தது. மில் சந்துப் பக்கம் கூரைகளுக்கு மேலே புகை கறுப்பாக எழுந்தது.

"அவ வரமாட்டா" என்றேன். "கெளம்பு நைஜல். நம்ம மூணு பேருதான்."

நைஜல் என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். உனக்கெப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. ஒலிவாங்கியை எடுத்து, மூவரோடு கிளம்புகிறோம், அடுத்த வண்டியை விரட்டுங்கள் என்றான். "வண்டி வந்துட்டிருக்கு, அரை மணி ஆகும்" என்று பதில் வந்தது. விதியை மீறி வண்டியை எடுத்தேன்.

சிரில் வீட்டில் கீழ்த்தளம் எரிந்துகொண்டிருந்தது. விறகடுப்புக்குப் பக்கத்தில் சட்டைகளைக் காயப் போட்டிருக்கிறார் மனிதர். அவர் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். புகை அடர்ந்த சன்னலுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. ஏணி வைத்துச் சன்னலை உடைத்தால் கீழிருந்து தீ காற்றை இழுத்துக்கொண்டு மேலே பாயும். நைஜல் வெளியிலிருந்து தண்ணீர் அடித்தான். நான் பம்பைப் பார்த்துக்கொண்டேன். ஹோலி மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"என்னைப் போக விடு நைஜல்! அவரு இருமறாரு, கேக்கலயா?"

"தனியாப் போகக் கூடாது."

"பின்ன நீ வா!"

"நான் உள்ள வந்துட்டா வெளிய யாரு? உன்னையும் பொணமாத் தூக்கிட்டு உங்கம்மா முன்னாடி நிக்கச் சொல்றியா?" அவன் குரல் உடைந்தது. நைஜல் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

ஒன்பது நிமிடம் அப்படியே நின்றோம். முதலில் இருமல் கேட்டது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. எனக்கு இருமல் கேட்டபோது இருந்த பயத்தை விட, நின்றபோது வந்த பயம் பெரிது. கடவுளே, ஒரு தரம் இருமட்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் சந்துக்குள் அவள் கார் வந்து நின்றது. கைப்பேசியிலும் அதே தீ அழைப்பு வந்ததும் பாதி குடைந்த பல்லோடு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்திருக்கிறாள். இருபத்தைந்து நிமிடப் பாதையைப் பதினைந்தில் வந்திருந்தாள். கழுத்தில் பல் மருத்துவர் கட்டிய காகிதத் துணி அப்படியே தொங்கியது. மரத்துப்போன வாயின் ஒரு பக்கம் எச்சில் வழிந்தது.

அவள் கோட்டை மாட்டிக்கொள்ள, நைஜல் குறுக்கே நின்றான். "உன்னை அனுப்ப முடியாது. மொகம் மரத்துக் கெடக்கு. முகமூடில புகை கசிஞ்சாக்கூட உனக்குத் தெரியாது."

"வேற யாரு இருக்கா? சொல்லு, போகல." நாக்குக் குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

நைஜல் விலகினான்.

உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயர் அட்டையைக் கழற்றி வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எவ்வளவு காற்று இருக்கிறது, எத்தனை மணிக்குப் போனார்கள் என்று அவர் பலகையில் எழுதி, நேரத்தைக் காவல் காக்க வேண்டும். அதற்குத் தனி ஆள் வேண்டும், ஆள் எங்கே? பம்பையும் பார்த்துக்கொண்டு நானே பலகையைப் பிடித்தேன். லொரெய்ன் தன் அட்டையை என் உள்ளங்கையில் வைத்தபோது கை சில்லென்று இருந்தது.

"பயமா இருக்கு, கிளைவ்" என்றாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு ஹோலியின் தோளைத் தொட்டாள். இருவரும் முழங்காலில் ஊர்ந்து கறுப்புக்குள் போனார்கள்.

பதினொன்று பத்து என்று எழுதினேன். எழுத்து கோணியது. ஒரு நிமிடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே எதுவோ பெரிதாக இடிந்து விழுந்தது. "லொரெய்ன்! ஹோலி!" என்று நைஜல் ஒலிவாங்கியில் கத்தினான். பதில் இல்லை. கையிலிருந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தேன். கீத்திடம் போய் என்ன சொல்வது? நான் போகச் சொல்லித்தான் போனாள், நான் வாயை மூடிக்கொண்டுதான் வண்டி நின்றது என்று சொல்வதா?

எட்டாவது நிமிடம் வாசலில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது. ஹோலி பின்னோக்கி ஊர்ந்து வந்தாள். இருவருமாக சிரிலைக் கம்பளியில் சுருட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். லொரெய்ன் முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புல்லில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தாள். முகமூடியின் ஓரம் கசிந்துதான் இருந்தது. சிரிலின் நெஞ்சு ஏறி இறங்கியது.

அடுத்த ஊர் வண்டி அதற்கப்புறம்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்து நானும் லொரெய்னும் மருத்துவமனைக்குப் போனோம். மூக்கில் குழாயோடு சிரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இனிமேல் அந்தக் குழாய் இல்லாமல் நாலு அடி நடக்க முடியாது, வீட்டுக்கும் திரும்ப முடியாது என்று தாதி சொல்லியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! ஏன்யா அன்னிக்கு இவ்வளவு நேரம்? டீ போட்டுக் குடிச்சுட்டு ஆற அமர வந்தீங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டார். சிரித்துவிட்டு இருமினார். லொரெய்ன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை மாவட்ட அலுவலகத்துக்குத் தனியாகப் போய், பச்சையை அழுத்திவிட்டு ஊரில் இல்லாமல் போனதைச் சொல்லிவிட்டாள். சிவப்பை அழுத்தியிருந்தால் பக்கத்து வண்டி முக்கால் வழியில் நின்றிருக்கும், பத்து நிமிடம் முன்னதாக சிரில் வெளியே வந்திருப்பார் என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாளாம்.

"முன்னாடியே வேறு யாருக்காவது தெரியுமா?" என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள்.

"யாருக்கும் தெரியாது" என்றிருக்கிறாள்.

என்னையும் கூப்பிட்டார்கள். அவள் இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது என்றார்கள். கொட்டகையில் காத்திருந்தபோதுதான் என்றேன். நா கூசாமல் சொன்னேன். நைஜலையும் கேட்டார்கள். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. லொரெய்னின் பேஜரை வாங்கிக்கொண்டு அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

போன வாரம் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். குளிர்பெட்டியில் வரைபடம் இல்லை, ஒட்டிய இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. நின்றபடியே சொன்னேன்.

"நாளைக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிடறேன். எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறத, ஒன்றரை நிமிஷம் வாயத் தொறக்காம உக்காந்திருந்தத. எல்லாத்தையும். எனக்குத் தூக்கம் போச்சு, லொரெய்ன்."

அவள் கெண்டியை நங்கென்று வைத்தாள்.

"சொன்னா உன்னையும் தூக்கிருவாங்க. அப்புறம் எத்தன பேரு?"

"ரெண்டு."

"ஹோலி கட்டிக்கப் போற பையன் பயிற்சிக்குப் போயிருக்கான்ல? எப்ப முடியுது?"

"இன்னும் பத்து வாரம். அதுவரைக்கும் மூடலன்னு தவணை கொடுத்திருக்காங்க."

"அவன் வந்தா, உன்னையும் சேத்து?"

"நாலு."

"நீ இல்லாட்டி?"

"மூணு."

"உனக்கு நெஞ்சு லேசாகணும். அதுக்காக ஊர்ல வண்டி இல்லாமப் போகணுமா?" அவள் கண் சிவந்திருந்தது. "மில் சந்துல சிரில் வீட்டுக்கு அடுத்த வீட்டுல இப்ப ரெண்டு கைக்குழந்தைங்க இருக்கு, தெரியுமில்ல? உனக்கு வலிச்சா வலிக்கட்டும். வாயப் பொத்திக்கிட்டுப் பட்டன அழுத்து."

கிளம்பும்போது, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பாதியில் எழுந்து ஓடியதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்களாம். மறுபடி கடைசியிலிருந்து தொடங்க வேண்டுமாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

வெளியே வந்தபோது அவள் காரைப் பார்த்தேன். மூக்கு தெருவைப் பார்த்து நின்றது.

சிரிலின் வீட்டுச் சன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த வழியாகப் போனால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அழுவது கேட்கும். சில நாள் நின்று கேட்டுவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மாவுத் துணுக்குகளை அள்ளித் தனியாக வைத்துவிட்டு, பிறகு குப்பையில் கொட்டுகிறேன்.

இன்று காலையும் கிழங்கு உரிக்க உட்காருவதற்கு முன் பச்சையை அழுத்தினேன். திரையில் மூன்று என்று வந்தது.